மனைவி ருசி பார்த்தால்தான் சாப்பாடு! பட்டினியால் இறந்த கணித மேதை குர்ட் கோடலின் கதை

வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கையில் காசு இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட ஒருத்தர் பட்டினி கிடந்தே இறந்து போனார் என்றால் நம்ப முடிகிறதா?

1978 ஜனவரி 14. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஒரு முதியவரின் உயிர் பிரிந்தது. வயது 71. எடை வெறும் 65 பவுண்டு. நம்ம கணக்கில் 30 கிலோ கூட இல்லை. கிட்டத்தட்ட ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் எடை.

அவர் பெயர் குர்ட் கோடல். ஐன்ஸ்டீனின் நெருங்கிய நண்பர். 20ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய தர்க்கவியல் அறிஞர் என்று கணித உலகம் கொண்டாடும் மனிதர். ஊட்டச்சத்து இல்லாமல் உடல் மெலிந்து இறந்தார், அதற்குக் காரணம் அவருடைய மனநிலைப் பாதிப்பு என்பதுதான் இறப்புச் சான்றிதழில் பதிவான விவரம்.

இவ்வளவு பெரிய மூளைக்கு, சாப்பிடாவிட்டால் செத்துப் போவோம் என்பது தெரியாதா? தெரியும். ஆனாலும் சாப்பிட முடியவில்லை. ஏன்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையை முதலில் இருந்து பார்க்கலாம்.

கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த பையன்

கோடல் பிறந்தது 1906 ஏப்ரல் 28ஆம் தேதி. ஊர் புருன். அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்த அந்த ஊர், இன்று செக் குடியரசில் பர்னோ என்ற பெயரில் இருக்கிறது. அப்பா துணி ஆலை நிர்வாகி. வசதியான குடும்பம். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், வீட்டில் அவருக்கு ஏன் ஐயா என்ற பொருள்படும் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

சின்ன வயதில் அவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. அது குணமாகிவிட்டது. ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்தைப் பாதிக்கலாம் என்று பின்னர் மருத்துவப் புத்தகத்தில் படித்தார். அவ்வளவுதான். தன் இதயம் கெட்டுவிட்டது என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துகொண்டது. டாக்டர்கள் எத்தனை முறை ஒன்றுமில்லை என்று சொல்லியும் அந்த நம்பிக்கை கடைசி வரை மாறவே இல்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றிய பயம், டாக்டர்கள் மேல் அவநம்பிக்கை. பிற்காலத்தில் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து நின்றவை இவை இரண்டும்தான்.

24 வயதில் உலகை அசைத்தவர்

1924ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் கோடல். 1930ல், 24 வயதிலேயே, கணிதத்தின் அடித்தளத்தை அசைத்துப் பார்க்கும் ஒரு முடிவை ஒரு மாநாட்டில் அறிவித்தார். மறு ஆண்டு அது கட்டுரையாக வெளிவந்தது. அதுதான் முழுமையின்மைத் தேற்றம்.

எளிமையாகச் சொன்னால் இப்படி: எண் கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடு இல்லாத எந்த விதித் தொகுப்பை எடுத்துக்கொண்டாலும், அந்த விதிகளை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாத சில உண்மைகள் அதில் இருந்தே தீரும். எல்லாக் கணித உண்மைகளையும் ஒரே விதிப் புத்தகத்தில் அடக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பேரிடி.

ஆனா வெளியே புகழ் ஏற ஏற, உள்ளே மனசு தளர ஆரம்பித்தது. 1934ல் முதல் அமெரிக்கப் பயணம் முடிந்து திரும்பியதும் வியன்னாவுக்கு அருகே ஒரு சானடோரியத்தில் சேர வேண்டியிருந்தது. 1935ல் மறுபடி அமெரிக்கா போனவர், மன அழுத்தம் தாங்காமல் பாதியிலேயே ஊர் திரும்பினார்.

1936 ஜூனில் இன்னொரு அதிர்ச்சி. அவருடைய ஆசிரியர்களில் ஒருவரும் வியன்னா வட்டம் என்ற அறிஞர் குழுவின் தலைவருமான மோரிட்ஸ் ஷ்லிக், பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே முன்னாள் மாணவர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலும் கோடல் மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்தார்.

இந்தக் காலகட்டத்தில்தான் அந்தப் பயம் தலைதூக்கியது. சாப்பாட்டில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்ற பயம்.

ஒரு ஸ்பூன் முதலில் அடேலுக்கு

இங்கேதான் அடேல் வருகிறார்.

அடேல், கோடலை விட ஆறு வயது மூத்தவர். வியன்னாவில் ஒரு இரவு விடுதியில் நடனம் ஆடியவர். ஏற்கெனவே ஒரு முறை திருமணமாகிப் பிரிந்தவர். பெரிய படிப்பு கிடையாது. கோடல் வீட்டில் கடும் எதிர்ப்பு. அதனால் இருவருடைய உறவு பல வருஷம் மறைவாகவே இருந்தது.

ஆனால் கோடல் சாப்பிட மறுத்த நாட்களில் யாராலும் செய்ய முடியாததை அந்தப் பெண் செய்தார். அவர் முன்னாலேயே உணவைத் தான் முதலில் ருசி பார்த்தார். பிறகு ஸ்பூனால் ஊட்டினார். இதில் விஷம் இல்லை என்று வாதாடவில்லை. சாப்பிட்டுக் காட்டினார். கோடலும் சாப்பிட்டார். மெல்ல மெல்ல உடல் தேறியது.

1938 செப்டம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குள் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தது. கோடல் யூதர் இல்லை. ஆனாலும் யூதர் என்று நினைத்து நாஜி இளைஞர் கும்பல் ஒன்று தெருவில் அவரைத் தாக்கியது. அப்போது கையில் இருந்த குடையாலேயே அவர்களை விரட்டியவர் அடேல்.

1940 ஜனவரியில் இருவரும் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அட்லாண்டிக் கடல் வழி ஆபத்து என்பதால் சுற்றுவழி. ரயிலில் சைபீரியாவைக் கடந்து, ஜப்பானின் யோகோஹாமா துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் சான் பிரான்சிஸ்கோ. கடைசியில் பிரின்ஸ்டன். அதன் பிறகு கோடல் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

ஐன்ஸ்டீனோடு நடை, வீட்டில் ஃபிரிட்ஜ் பயம்

பிரின்ஸ்டனில் இருந்த உயர் ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் ஐன்ஸ்டீனும் இருந்தார். கலகலப்பான பெரியவர் ஐன்ஸ்டீன். யாரிடமும் ஒட்டாத ஒல்லி மனிதர் கோடல். ஆனால் இருவரும் தினமும் பேசிக்கொண்டே நடந்து வீடு திரும்புவது ஊருக்கே பழகிய காட்சி. 1947ல் அமெரிக்கக் குடியுரிமைக்கான விசாரணைக்கு கோடலோடு துணைக்குப் போனவர்கள் ஐன்ஸ்டீனும், பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும்தான்.

1949ல் கோடல் தம்பதி சொந்த வீடு வாங்கினார்கள். தோட்டத்தில் அடேல் ஒரு இளஞ்சிவப்பு ஃபிளமிங்கோ பொம்மையை நட்டு வைத்தார். கணவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் அமைதியான வாழ்க்கை.

ஆனா வீட்டுக்குள்ளே? ஃபிரிட்ஜில் இருந்து வரும் வாயு தன்னை விஷமாக்குகிறது என்று பயந்தார். வெயில் காலத்திலும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்தார். 1951ல் குடல் புண்ணில் இருந்து ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து வந்தது. டாக்டர்களை நம்பாமல் நாள் கடத்தியதும் நிலைமை மோசமானதற்கு ஒரு காரணம். பிழைத்து வந்த பிறகு தனக்குத் தானே ஒரு கடும் பத்தியம் வகுத்துக்கொண்டார். எதைச் சாப்பிடலாம் என்ற பட்டியல் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது.

1955ல் ஐன்ஸ்டீன் இறந்தார். கோடல் மேலும் தனிமைப்பட்டார். 1970ல் பயம் மறுபடி முற்றி, எடை பயங்கரமாகக் குறைந்தது. அந்த முறையும் மீண்டு வந்தார். காரணம், வீட்டில் அடேல் இருந்தார்.

இது அடமா, நோயா? கோடு எங்கே?

இப்போது ஒரு நிமிடம் கோடலை விட்டு நம்ம வீட்டுக்கு வருவோம்.

கத்தரிக்காயைப் பார்த்தாலே தட்டைத் தள்ளும் பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. பெரியவர்களிலும் சிலருக்கு தயிர் வாடையே ஆகாது. இதெல்லாம் சாதாரணம். குழந்தைகளிடம் இது இரண்டு வயதுக்கு மேல் அதிகமாகத் தெரியும், வளர வளர பெரும்பாலும் குறையும். சில உணவு பிடிக்காவிட்டாலும் மற்றதைச் சாப்பிட்டு, எடை ஏறி, விளையாடிக்கொண்டு இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் வேறொரு வகை இருக்கிறது. அதற்கு மருத்துவத்தில் ஆர்ஃபிட் என்று பெயர். உணவைத் தவிர்க்கும், கட்டுப்படுத்தும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் இந்தப் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. அதாவது கோடல் இறந்து 35 வருஷத்துக்குப் பிறகு.

இதில் மூன்று விதம் உண்டு.

• பசியே எடுக்காது. சாப்பாட்டில் ஆர்வமே இருக்காது. சாப்பிடுவது ஒரு வேலையாகத் தெரியும்.

• உணவின் வாசனை, நிறம், வழவழப்பு, மொறுமொறுப்பு இவற்றைத் தாங்கவே முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

• பயம். சாப்பிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், வாந்தி வரும், ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். ஒரு தடவை புரையேறியதில் இருந்தே இது தொடங்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒல்லியாக வேண்டும், குண்டாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தால் சாப்பிடாமல் இருப்பது அனோரெக்சியா. ஆர்ஃபிட்டில் அந்த எண்ணம் இருக்காது. தன் உடல் எப்படித் தெரிகிறது என்பது இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் இதை நோய் என்று நினைப்பதில்லை. அடம், செல்லம், திமிர் என்று பேர் வைத்துவிடுகிறார்கள். விரதம் இருப்பதும், வறுமையால் சாப்பிட இல்லாமல் போவதும் இதில் சேராது.

சரி, கோடு எங்கே? எடை குறைவது அல்லது வயதுக்கேற்ற வளர்ச்சி நின்று போவது, சத்துக் குறைபாடு, சத்து பானம் அல்லது குழாய் வழி உணவை நம்பி இருக்கும் நிலை, வெளியே நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடவே முடியாமல் வாழ்க்கை முடங்குவது. இந்த நான்கில் ஒன்று வந்துவிட்டாலும், விஷயம் பிடிக்கும், பிடிக்காது என்பதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்போ கோடலுக்கு இருந்தது ஆர்ஃபிட்டா?

அப்படி முத்திரை குத்திவிட முடியாது. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற எண்ணம் சந்தேக மனநோயைச் சேர்ந்தது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இறந்து போன ஒருவருக்கு இன்று உட்கார்ந்துகொண்டு நோயின் பெயர் எழுதுவதும் சரியல்ல.

ஆனால் அவருடைய வாழ்க்கை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. சாப்பாட்டைப் பற்றிய பயம் அறிவில்லாதவர்களுக்கு வருவது இல்லை. காரண காரியம் சொல்லி அதை விரட்டவும் முடியாது. அப்படி முடியும் என்றால், உலகத்திலேயே அதை எளிதாக ஜெயித்திருக்க வேண்டியவர் கோடல்தான். தர்க்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அதோடு, பட்டினி தானாகவே மனதையும் கெடுக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். எடை மட்டுமா குறைந்தது? எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, எப்போதும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு என்று மனநிலையும் மாறிப்போனது. ஏற்கெனவே பயத்தில் இருக்கும் ஒருவர் பட்டினியும் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பயத்தால் சாப்பாடு குறையும். சாப்பாடு குறையக் குறையப் பயம் கூடும்.

1977: அடேல் இல்லாத வீடு

1976ல் கோடல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம்தான் எல்லாம் சரிந்தது.

அடேலின் உடல்நிலை மோசமானது. 1977ல் அவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. அதே ஜூலை மாதத்தில், அடிக்கடி நலம் விசாரித்து வந்த நண்பர் மார்கன்ஸ்டெர்னும் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் கோடல் மட்டும்.

சமைத்துத் தர ஆள் இல்லை என்பதல்ல பிரச்சினை. நம்பிச் சாப்பிட ஆள் இல்லை. அடேல் கை பட்ட உணவைத் தவிர வேறு எதையும் அவரால் நம்ப முடியவில்லை. கிட்டத்தட்ட சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

அக்கறை உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. தர்க்கவியல் அறிஞரான நண்பர் ஹாவ் வாங், தன் மனைவி சமைத்த கோழியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வந்தார். கோடல் சந்தேகத்தோடு பார்த்தாரே தவிர, கதவைத் திறக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. வாங் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

டிசம்பர் மாதம் வாங் மறுபடி போய்ப் பார்த்தார். பேச்சில் புத்திக்கூர்மை அப்படியே இருந்தது. ஆனால் எதையும் செய்வோம் என்று முடிவெடுக்கும் சக்தி தன்னை விட்டுப் போய்விட்டது, வேண்டாம் என்று மறுக்கும் முடிவை மட்டுமே இப்போது எடுக்க முடிகிறது என்று கோடல் அவரிடம் சொன்னார். இதைவிடத் தெளிவாக இந்த நிலையை யாரும் சொல்லிவிட முடியாது. பார்ப்பவர்களுக்கு இது அடமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு, ஆமாம் என்று சொல்லும் வழியே அடைபட்டுப் போயிருக்கும்.

டிசம்பர் கடைசியில் அடேல் வீடு திரும்பினார். கணவர் இருந்த கோலத்தைப் பார்த்து, எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்து மருத்துவமனையில் சேர்த்தார். அன்று தேதி டிசம்பர் 29. ஆனால் காலம் கடந்துவிட்டது. பதினாறு நாளில் எல்லாம் முடிந்தது.

அடேல் அதற்குப் பின் மூன்று வருஷம் இருந்தார். 1981ல் அவரும் இறந்தார்.

இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது?

நாற்பது வருஷம் ஒரு உயிரைக் காப்பாற்றியது அடேலின் ஒரு ஸ்பூன். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. மிரட்டாமல், கேலி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டது இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் நல்ல பாடம்.

ஆனால் இதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எல்லாம் அந்த ஒரே ஒருவரை நம்பியே இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த அன்று, கோடலுக்கு மாற்று வழி எதுவும் இல்லை. அம்மா ஊட்டினால் மட்டும் சாப்பிடும் பிள்ளை, மகள் கையால் கொடுத்தால் மட்டும் சாப்பிடும் தாத்தா என்று நம்ம வீட்டிலும் யாராவது இருந்தால், இது பாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எடையைப் பாருங்கள். சாப்பிடும் பொருட்களின் பட்டியல் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்?

• முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வயிறு, தொண்டை, பல் என்று உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா, ரத்தத்தில் சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

• தேவைப்பட்டால் மனநல நிபுணர், உணவியல் நிபுணர் இருவருடைய உதவியும் வேண்டும். பயப்படும் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சை உண்டு. முதல் நாள் தட்டில் வைப்பது, அடுத்து தொட்டுப் பார்ப்பது, முகர்வது, பிறகு ஒரு துளி நாக்கில் வைப்பது என்று படிப்படியாகப் போவார்கள்.

• வாயைப் பிடித்துத் திணிப்பது, அடிப்பது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது வேண்டவே வேண்டாம். பயம் கூடத்தான் செய்யும்.

• யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று ஒருவர் உறுதியாக நம்ப ஆரம்பித்தால், தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

• நாள் கணக்கில் சாப்பிடாமல் இருந்தவருக்கு, ஆசையோடு திடீரென வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் உணவை மெல்லக் கூட்ட வேண்டும்.

யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம்.

உங்கள் வீட்டில் யாராவது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், திட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்று பாருங்கள். பிடிக்காமல் எழுந்தாரா, பயந்து எழுந்தாரா? கோடலுக்காக அதைக் கவனித்தவர் அடேல் ஒருத்தர் மட்டும்தான். உங்கள் வீட்டில் அது ஒரே ஒருத்தராக இருக்க வேண்டாம்.